நாலு ஜிபியில் மூன்றரையைக் கொடுத்தேன்

ஓசூரில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில், இரும்பு பீஸ்களைக் கடையும் மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதுகிறேன். அதை எழுதும் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில்தான் ஓடும். அதனால் நாலு ஜிபி மெமரி உள்ள கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர்போல ஓடும் விர்ச்சுவல் மெஷின் ஒன்றில் அதைப் போட்டு வைத்திருந்தோம். திறக்கவே பத்து நிமிஷம் ஆகும்.

வேகம் கூடட்டும் என்று மூன்றரை ஜிபி மெமரியை அதற்கே ஒதுக்கினேன். கம்ப்யூட்டருக்கு மிச்சமே இல்லை, மவுஸ்கூட அசையவில்லை.

பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் மஞ்சுநாத் அண்ணன், லேத்தை நிறுத்துவதுபோல மெயினை ஆஃப் செய்துவிட்டார்.

"ஐயோ, ஏண்ணா?"

"ஹேங் ஆனா இதாம்மா பண்ணுவோம்."

மறுபடி போட்டால் விர்ச்சுவல் மெஷின் திறக்கவே இல்லை. உள்ளேயிருந்த புரோகிராம் எல்லாம் போச்சு.

இப்போது பாதி மெமரிதான் கொடுக்கிறேன். எதையும் மாற்றும் முன் மொத்த ஃபோல்டரையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுக்கிறேன். போன புரோகிராம்களைத்தான், ஏற்கெனவே கடைந்து வைத்த பழைய பீஸ்களை அளந்து அளந்து இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.