கை நனைக்காத வீடு

வாடத் தொடங்கிய வெற்றிலைக்கு ஒரு மணம் உண்டு. ஈரத்துணிக்குள் வெகுநேரம் கிடந்து புழுங்கிய அந்த மணம் எங்கே வந்தாலும் இன்றைக்கும் என் நாக்கின் அடியில் கசப்பு ஊறிவிடும். பதினொரு வயதில், வெற்றிலையும் பாக்கும் வைத்த ஓலைப்பையை, எங்கள் பக்கத்தில் அதை "உமல்" என்பார்கள், தோளில் மாட்டிக்கொண்டு, உடம்பு முழுக்கக் காய்ச்சலோடு, உடுப்பிட்டியிலிருந்து சுன்னாகம் வரை வழியிலுள்ள வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கி நடந்தேன். பிற்காலத்தில் வேலை தேடி மலைநாட்டில் ஊருக்கு ஊர் அலைந்தபோது இதைவிடக் கடுமையான காய்ச்சல்கள் வந்தன, பாதையோரத்தில் படுத்துக் கிடந்து, விட்டதும் எழுந்து போனேன், அவை மறந்துபோயின. இந்த நாள் மட்டும் போகவில்லை.

அக்காவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. அப்பா முந்தின வருஷம் வன்னிக்கு வயல் செய்யப் போய், காய்ச்சலோடு திரும்பி வந்து செத்துப்போனவர். கலியாணத்துக்குச் சொல்ல வீட்டு ஆண்பிள்ளை போய் வெற்றிலை வைக்க வேண்டும்; தாலி அறுத்த அம்மா போக முடியாது; அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண்களும் இல்லை. ஆகவே ஆண்பிள்ளை என்று இருந்தது நான். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: தகப்பன் இல்லாத பெண்ணைத் தகப்பனின் தமையன் மணவறையில் நின்று கொடுக்க வேண்டும்.

அந்தத் தமையன், பெரியப்பா, சுன்னாகத்தில் இருந்தார். அப்பா செத்த முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழிவதற்கு முன்னமே, பக்கத்தில் கிடந்த, தாய் தகப்பன் வழியில் அப்பாவுக்கு வந்த முதுசக் காணிக்குள் தன் வேலியைத் தள்ளி அடைத்தவர். அம்மா அவருடைய வாசல் படலையில் நின்று வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசிவிட்டு வந்தாள். அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை, தண்ணீர் வென்னீர் இல்லை. இப்போது யாரோ இடையில் நின்று கதைத்து, "பெடியன் வந்து சொல்லி, என்ரை வீட்டிலை சாப்பிட்டிட்டுப் போகட்டும், நான் வந்து நிக்கிறன்" என்று பெரியப்பா சொல்லும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கோபம் தீர்ந்தது என்பதற்கு எங்கள் சனத்துக்கு வேறு அத்தாட்சி கிடையாது. அந்த வீட்டில் "கை நனைக்க" வேண்டும், அவ்வளவுதான்.

விடிய எழும்பியபோதே எனக்குப் பல் கிட்டியது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அன்றையை விட்டால் வெற்றிலை வைக்க அந்த மாதத்தில் வேறு நல்ல நாள் இல்லை. திருநீற்றை அள்ளிப் பூசி, மேலே சந்தனத்தையும் வைத்துவிட்டுச் சொன்னாள்: "காய்ச்சல் எண்டு ஒரு வீட்டிலையும் வாயைத் திறக்காதை. கொப்பரைக் கொண்டுபோன வருத்தம் பெடியனுக்கும் வந்திட்டுது எண்டு மாப்பிள்ளை வீட்டிலை கேள்விப்பட்டால் கொக்காவின்ரை கலியாணம் நிண்டுபோகும். என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணு." பண்ணினேன். அக்கா கதவோரம் நின்று என் வேட்டியை இழுத்துச் சரியாக உடுத்திவிட்டாள்.

துணைக்கு வந்தவர் அயல்வீட்டுத் தம்பையா அண்ணை. சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்கப் போகிறவர். வல்லை வெளியில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. அந்த வெளியில் ஒரு மரம் கிடையாது. உப்புக் காற்று மட்டும்தான். எல்லாரும் வேர்த்து நடக்கும் வெயிலில் நான் குளிரில் நடுங்கிக்கொண்டு, சால்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு நடந்தேன். தம்பையா அண்ணைக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. "என்னடாப்பா, நீயோ மாப்பிள்ளை? உந்தப் போர்வையோடை மணவறைக்குப் போகலாம் போல கிடக்கு" என்றார்.

புத்தூரில் ஒரு மாமி வீட்டில் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு, வெளியே வந்து வேலிக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். தம்பையா அண்ணை என் முதுகைத் தடவினார். "பயத்திலை வயித்தைக் குமட்டுதோ? கொப்பற்றை அண்ணை என்ன புலியே, கடிக்க?" ஓம், பயம்தான் என்று சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு சொன்ன வீடுகள் எனக்குச் சரியாக நினைவில்லை. "அக்காவுக்குக் கலியாணம், வந்து நடத்தி வைக்கவேணும்" என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது. உமலுக்குள் வெற்றிலை வாடிக்கொண்டிருந்தது.

பெரியப்பா வீட்டுப் படலையில் என்னை விட்டுவிட்டுத் தம்பையா அண்ணை சந்தைக்குப் போனார். அது இனத்தவர் காரியம், அவர் நிற்கக்கூடாது. பெரியப்பா வெளியே வந்து, நான் நீட்டிய வெற்றிலையோடு என் விரல்களையும் சேர்த்துப் பிடித்துச் சிறிது நேரம் வைத்திருந்தார். பாசம் என்று நினைத்தேன். உள்ளே பெரியம்மா வாழையிலை போட்டிருந்தா. சோறு, எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம். பகை வீட்டுப் பிள்ளைக்கு இப்படிச் சமைக்க வேண்டியதில்லை. அந்த மனுஷி மனத்தாரச் சமைத்திருந்தா.

ஒரு பிடி குழைத்தேன். வாய்வரை கொண்டுபோனேன். எண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும் கையை உதறிவிட்டு எழும்பி முற்றத்துக்கு ஓடினேன். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் வெறும் ஓங்காளம்தான் வந்தது. பார்த்தவர்களுக்கு அருவருத்துக் காறித் துப்பியது போல இருந்திருக்கும்.

"கொம்மா சொல்லிவிட்டவவோ, எங்கடை வீட்டுச் சோத்தைத் துப்பிப்போட்டு வா எண்டு?" பெரியம்மாவின் குரல் உடைந்தது. "இல்லைப் பெரியம்மா" என்றேன். "அப்ப என்ன?" என்றார் பெரியப்பா. ஒரு சொல் சொன்னால் போதும். அம்மாவின் தலை என் கையில் இருந்தது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா வெற்றிலையை எடுத்து வந்து திரும்ப என் உமலுக்குள் போட்டார்.

அவர் வரவில்லை. தகப்பன் பகுதி இல்லாத சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் விட்டுவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து அக்காவை மானிப்பாயில் இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். போகும்போது அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாலு வாய் திண்டிருக்கலாமேடா." அடுத்த மாதம் நான் பள்ளிக்கூடத்தையும் ஊரையும் விட்டு ஓடிப்போனேன்.

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் ஊருக்கு வந்தபோது பெரியப்பா படுக்கையில் கிடந்தார். போய்ப் பக்கத்தில் இருந்து, "பெரியப்பா, அண்டைக்கு எனக்குக் காய்ச்சல்" என்றேன். சொல்லிவிட்டால் ஏதோ ஒன்று இறங்கும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவர் சிரித்தார். "உன்ரை கை அண்டைக்கு நெருப்பாய்ச் சுட்டது எனக்குத் தெரியாதே? மணவறையிலை நிண்டு குடுத்தால் கொப்பற்றை காணியையும் சீதனமாய்ச் சேத்தெல்லோ குடுத்திருக்கவேணும். வரமாட்டன் எண்டால் சனம் காறித் துப்பும். வராமல் விட எனக்கொரு சாட்டு வேணுமெண்டு இருந்தன், நீ கொண்டுவந்து தந்தாய்." பிறகு மருமகளைக் கூப்பிட்டு எனக்குக் கோப்பி கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது வல்லை வெளியை பஸ் ஒரு சுருட்டுப் பிடித்து முடிவதற்குள் கடந்துவிடுகிறது. கலியாணத்துக்குக் கடதாசி தபாலில் வருகிறது. வெற்றிலையோடு யாரும் நடப்பதில்லை. பெரியப்பாவின் வேலி இருந்த இடத்தில் மதில் எழும்பிவிட்டது, அவர் தள்ளி அடைத்த இடத்திலேயே. அவர் சொன்னதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. சின்னப் பெடியன் சாப்பிடாமல் வந்ததால் போன வாழ்வு என்றால் அவளால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. கால் ஏக்கர் காணிக்காகப் போனது என்று தெரிந்தால் என்ன செய்வாள்? எங்கெங்கோ திரிந்துவிட்டு வருஷத்தில் ஒருமுறை மானிப்பாய்க்குப் போகிறேன். அவள் சோறு போட்டுவிட்டு எதிரில் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். சுகமோ சுகமில்லையோ, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழும்புகிறேன்.