தீவில் ஒரு தென்னந்தோப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். இப்போது மறதியும் கூடிவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நங்கையா சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை.

நங்கையா என்பது என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்குக் கல்யாணமான புதிதில், சத்தியமங்கலத்துத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு எல்லாரும் திருச்செந்தூருக்கும் தூத்துக்குடிக்கும் பஸ் ஏறினார்கள். நானும் சேலை மடித்து வைத்திருந்தேன். கிளம்புகிற காலையில் நங்கையா, "அம்மணி, மாடு இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போட்டுரும். நீ இரு. கடல் எங்கயும் ஓடிப் போயிராது" என்றார். நான் வாயில்லாதவள். சேலையைத் திரும்பவும் பெட்டியில் வைத்தேன். அவர்கள் ஊர் வந்து சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் அந்த மாடு கன்று போட்டது.

அதற்குப் பிறகு எந்த விருந்தானாலும் சீரானாலும் அதே கதைதான். படகேறித் தீவுக்குப் போனாராம். தீவு முழுக்கத் தென்னந்தோப்பாம். மரத்துக்கு மரம் வட்டப்பாத்தி கட்டியிருக்குமாம், வாய்க்காலில் தண்ணீர் இளநீராட்டம் ஓடுமாம். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீ என்னத்தக் கண்ட, மாட்டுச் சாணியத் தவிர?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரும்தான். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். ஆனாலும் தோப்பை நம்பினேன். சுற்றிலும் தண்ணீர் இருக்கிற நிலத்தில் பாசனத்துக்கு என்ன குறை என்றுதானே தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தோன்றும்.

இந்த வருஷம் கோயமுத்தூரில் இருக்கிற என் மகள் வேன் பிடித்துத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனாள். மருமகனும் நங்கையாவும் வந்தார்கள். வழியெல்லாம் மலை மலையாக உப்பு. துறைமுகத்தில் வீடு வீடாக அடுக்கியது போலக் கப்பல்கள். தீவுப் பக்கம் போகும் படகுக்கு, அடியில் கண்ணாடி வைத்திருந்தார்கள்.

"நானும் வாரேன்" என்று நங்கையா தடியை ஊன்றி எழுந்தார்.

"பையெல்லாம் யாருங்க பாத்துக்குவா? நீங்கதான் அப்பவே எல்லாத்தையும் பாத்துப்போட்டீங்களே. உக்காருங்க நங்கையா. தீவு எங்கயும் ஓடிப் போயிராது."

இது என் வாயிலிருந்துதான் வந்தது.

மகள் ஒன்றும் அறியாமல், "ஆமாங்க அத்தை, உங்களுக்கு முட்டி வலி வேற" என்றாள். நங்கையா உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்ப்பதற்குத்தான் இத்தனை காலம் காத்திருந்தேன் போல.

கண்ணாடிக்குக் கீழே பவளப்பாறை, காலிஃபிளவர் காட்டை வெள்ளம் மூழ்கடித்த மாதிரி கிடந்தது. இடுக்கில் நீல மீன்கள். அழகுதான். எனக்கென்னவோ அந்த வெயிலில் பைகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருப்பதுதான் கண்ணுக்குள் நின்றது. அது இன்னும் அழகாக இருந்தது.

தீவு கிட்டத்தில் வந்தது. மணல், முள்செடி, அவ்வளவுதான். படகுக்காரரிடம், "தோப்பு எந்தப் பக்கமுங்க?" என்றேன்.

"தோப்பா? ஏ ஆச்சி, அங்க குடிக்கச் சொட்டுத் தண்ணி கெடையாது. தென்ன எப்படி நிக்கும்?"

திரும்பி வந்து கரையேறியதும் எல்லார் முன்னாலும் கேட்டேன். "வாய்க்கா ஓடுதுன்னீங்களே நங்கையா, வெறும் முள்ளுச்செடிதானுங்க இருக்குது?"

அவர் முந்தானையைச் சரிசெய்தார். "அப்ப இருந்துச்சு அம்மணி. சுனாமி அடிச்சுட்டுப் போயிருக்கும்."

மருமகன் சிரித்துவிட்டார். நங்கையா தலையைக் குனிந்துகொண்டார். அதோடு முடிந்திருக்கும். கயிறு கட்டிக்கொண்டிருந்த அந்தப் படகுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "இந்தக் கடல்ல தண்ணிக்குள்ள போன தீவும் உண்டு ஆச்சி" என்று சொல்லிவைத்தார்.

நங்கையா நிமிர்ந்துவிட்டார். ஊர் வந்து சேரும்வரை, "எத்தன மரம்! அத்தனையும் முழுகிப் போச்சே" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார். இப்போது கதை முன்னைவிட நீளம்.

தை மாதம் என் பேத்திக்குக் கல்யாணம். சொந்தமெல்லாம் கூடும். அவர் நடுவில் உட்கார்ந்து அதைச் சொல்லத்தான் போகிறார். அதனால் தூத்துக்குடிப் பக்கத்து மனிதர்கள் யாராவது இதைப் படித்தால், கடலுக்குப் போய்வந்த பெரியவர்களிடம் விசாரியுங்கள். முழுகிய தீவு எது, அதில் எப்போதாவது தென்னந்தோப்பும் வாய்க்காலும் இருந்ததா என்று. நான் எழுதியதில் பிழை இருந்தாலும் பார்த்துத் திருத்துங்கள். இருந்ததில்லை என்றால் கல்யாணத்துக்கு முன்பே தெரியப்படுத்துங்கள். இருந்தது என்றால் அவசரமில்லை.