மீதி மூன்று ஓடுகள்

காஜா பெராங்கில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் பின்சுவர், வராந்தா, ஜாலான் பெண்டஹாரா சாலையில் நான்கு துணிக்கடைகளின் தரை, புக்கிட் ரம்பாயில் எனக்கென்று ஒரு வீடு: எல்லாம் இந்தக் கைகள் கட்டியவை. படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் நான் செய்ததிலேயே பெரிய காரியம் சிமெண்டு இல்லாதது. அதைத்தான் ஒருவரும் சொல்வதில்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயம், குடியுரிமைக்கு மனுப் போட்டேன். மலாய் தெரிய வேண்டும் என்றார்கள். எழுதச் சொல்லியிருந்தால் தொலைந்தேன். அதிகாரி எதிரே உட்கார வைத்து வாயால் கேட்டார்: என்ன வேலை, எத்தனை பிள்ளைகள். நான் பேசப் பேச அவர் சிரித்தார்; தேறிவிட்டேன். வெளியே வந்ததும் ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. தாளில் முட்டாளான நானே வாயில் கெட்டிக்காரன். அப்படியானால் என் மகள்?

மூன்றாம் வகுப்பில் இருந்தாள். வகுத்தல் கணக்கில் எப்போதும் சைபர். அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைக்கப்போவதாகப் பெரிய வாத்தியார் சொல்லிவிட்டார். உட்கார வைத்தால் பள்ளிக்கே போகமாட்டேன் என்று அவள் சோற்றைத் தொடவில்லை.

நேரே பள்ளிக்குப் போனேன். “வாத்தியாரே, தாள ஓரமா வச்சிட்டு வாயால கேளுங்க. கவர்மெண்டே என்னை அப்படித்தான் கேட்டுச்சு லா.”

“மேஸ்திரி, நீங்க பேசியே ஆள மயக்கிருவீங்க. உங்க மக அப்படியா?”

இருந்தாலும் கூப்பிட்டுக் கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குப் பொருந்தியது இவளுக்குப் பொருந்தாது என்று அப்போதுதான் உறைத்தது.

வராந்தாவில் போட நான் கொண்டுவந்த தரை ஓடுகள் அங்கே அடுக்கியிருந்தன. “அப்ப கையால செய்யட்டும்,” என்றேன்.

பரீட்சைத்தாளில் இருந்த கணக்கையே வாத்தியார் கொடுத்தார். “நாப்பத்தஞ்சு ஓடு. வரிசைக்கு ஆறு. எத்தனை வரிசை?”

குந்தி உட்கார்ந்து மளமளவென்று அடுக்கினாள். ஏழு வரிசை முடிந்து மூன்று ஓடுகள் மிஞ்சின. “ஆங், ஏழு. மீதி மூணு,” என்றார் வாத்தியார்.

“இல்ல சார். மூணையும் பாதியா வெட்டினா ஆறு. செவுத்து ஓரத்துக்கு எட்டாவது வரிசை.”

வாத்தியார் தாளை எடுத்துப் பார்த்தார். எட்டு என்றுதான் எழுதியிருந்தாள். தாளில் இருந்த வகுத்தல் எல்லாமே மீதி வரும் கணக்குகள்; ஒவ்வொன்றிலும் ஒன்று கூடுதலாக எழுதியிருந்தாள். எங்கள் வீட்டில் மீதி என்பதே கிடையாது, மிஞ்சும் ஓட்டை வெட்டி ஓரத்தில் பதித்துவிடுவோம்.

“மேஸ்திரி, தப்பு புள்ள மேல இல்ல, உங்க மேல!”

“அப்ப என்னை மூணாவதுல உட்கார வைங்க. நான் இன்னும் அந்த வகுப்பையே பாக்கல.”

எங்கே மீதி வைக்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று அங்கேயே விளக்கிவிட்டு, அவளை நான்காம் வகுப்புக்கு ஏற்றினார். அதன்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாள், வாய், கை என்று மூன்று கட்டம் போட்ட நோட்டு வைத்துக்கொண்டார். வேலைக்குப் போகும் வழியில் ஜன்னலில் நின்று பார்ப்பேன். தாளில் திணறுகிறவன் வாயில் வெளுத்து வாங்குவான். வாய் திறக்காதவள் கையால் செய்து காட்டுவாள். எந்தப் பிள்ளை எதில் திறக்கும் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பள்ளியின் ஆண்டுமலரில் இந்த முறையைக் கொண்டுவந்தவர் பெரிய வாத்தியார் என்று போட்டிருக்கிறார்கள். நல்ல மனிதர், அவர் பங்கை நான் பிடுங்கவில்லை. அடுத்த மலரில் அவருக்குக் கீழேயே, ‘யோசனையும் ஓடும் மேஸ்திரியுடையவை’ என்று ஒரு வரி வர வேண்டும். தயவாகக் கேட்கவில்லை, எனக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறேன்.