மீசையும் எடுத்த மொட்டை

எங்கள் ஊர்ப் பக்கம் மொட்டையைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். மீசை இருந்தால் சாமிக்கு நேர்ந்த முடி. மீசையும் இல்லையென்றால் பெற்றவர்களில் ஒருவர் போய்விட்டார், கேள்வியே கிடையாது. பழைய சிரிப்பு நடிகர் ஒருவர் இறந்த மறுநாள் என் அண்ணன் மீசையையும் சேர்த்து எடுத்தான்.

அவன்தான் இங்கே ரசிகர் மன்றத் தலைவன். செக்காலை முக்கில் பேனர் வைத்தார்கள். செத்தவர் படம் மூலையில் சின்னதாக. கீழே கும்பிட்டபடி என் அண்ணன், ஆளுயரத்துக்கு. "பெத்த தகப்பன் போன மாதிரி இருக்கு" என்று டிவிக்காரனிடம் அழுதான். பெற்ற தாய் ரெண்டு தெரு தள்ளி என் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், எட்டிப் பார்க்கத் துரைக்கு நேரமில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உண்மையான ரசிகை அம்மாதான். அவளும், சாக்கோட்டையில் இருக்கும் அவள் தம்பியும் இளவட்ட வயதில் அந்த நடிகரின் படம் ஒன்றைக்கூட விடமாட்டார்களாம். வீட்டுக்கு வந்ததும் மாமா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, அவரைப்போலவே திருதிருவென்று முழித்துக்கொண்டு நடப்பாராம். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறுமாம். அப்புறம் ஒரு கிணற்றுப் பங்கில் சண்டை வந்தது. வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை.

சாவுச் செய்தி டிவியில் ஓடியபோது அம்மா ஒன்றுதான் சொன்னாள். "எந்தம்பிக்குத்தான்டி தாங்காது. அவன வரச் சொல்லு. ஒருக்கா பாத்துக்கிறேன்."

போன் போட்டேன். மாமா பெண்டாட்டிதான் எடுத்தாள். "பாப்போம்" என்று வைத்துவிட்டாள். அம்மா வாசல் பக்கமே தலையைத் திருப்பிவைத்துக் கிடந்தாள்.

அண்ணன் சும்மா இருந்தானா? மொட்டைத் தலையைப் படமெடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டான். கீழே, "ஈடு செய்ய முடியாத இழப்பு." யார் போனது என்று ஒரு வார்த்தை இல்லை. அப்பா போய் ரொம்ப நாளாகிறது. சொந்தக்காரர்கள் வேறு என்னத்தை நினைப்பார்கள்?

மறுநாள் காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமா இறங்கினார். கையில் ரோசாப்பூ மாலை. துணிக்கடைப் பையில், இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போர்த்தும் கோடிச் சேலை. பின்னாலேயே அத்தை, "எங்களுக்கு ஒரு சொல்லு சொல்லிவிடலையே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. நான் கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்கிறேன்.

"என்னத்தா, பந்தலக் காணோம்?" என்றார் மாமா.

"அம்மா இப்பத்தான் கஞ்சி குடிச்சாக" என்றேன்.

மனுஷர் முகம் வெளுத்துப் போனது. அண்ணன் கூத்தைச் சொன்னேன். "உள்ள வாங்க மாமா, ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே கெடக்காக" என்று கையைப் பிடித்தேன். ஒரு எட்டு எடுத்தும் வைத்தார். அத்தை விட்டால்தானே!

"கோடிய வச்சுக்கிட்டு உசுரோட இருக்கவக முன்னாடி போயி நிப்பீகளா? புத்தி இருக்கா? இன்னொரு நா வருவோம்."

"எல்லாத்தையும் ஆட்டோவுல போட்டுட்டு வாங்க மாமா" என்று கெஞ்சினேன். மாமா மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏறிப் போய்விட்டார். இவ்வளவு தூரம் வந்த மனுஷர், பத்தடி உள்ளே வர முடியவில்லை.

உள்ளே அம்மா மேல்சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"எந்தம்பி சத்தமுல்ல கேட்டுச்சு?"

"இல்லம்மா. ஆட்டோக்காரன் விலாசம் கேட்டான்."

அவள் மறுபடி படுத்துக்கொண்டாள்.

அத்தை சொன்ன இன்னொரு நாள் வரவேயில்லை. அந்த மாசமே அம்மா போய்விட்டாள். அண்ணனை மொட்டையெடுக்க உட்கார வைத்தார்கள். எடுக்க முடி ஏது? அதை நடிகருக்குக் கொடுத்தாயிற்றே. முடி எடுக்க வந்தவர் சாங்கியத்துக்குக் கத்தியை ஓட்டிவிட்டு எழுந்தார்.

மாமா வந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "அக்கா, ஒருக்கா கண்ண முழிச்சுப் பாருக்கா" என்றார். அத்தை பையைப் பிரித்துக் கோடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதே துணிக்கடைப் பை. அன்றைக்கு வாசலோடு திரும்பிப் போன அதே சேலை.