ஒரே ராஜா, ரெண்டு பேனர்

என் தம்பி தன் பைக்கில் ஒரு சோழ ராஜாவின் ஸ்டிக்கரை ஒட்டியபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் வாள், பின்னால் புலிக்கொடி, கீழே மஞ்சள் எழுத்தில் 'ஆண்ட பரம்பரை'. சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவன் கான்ட்ராக்ட் ஆள். அதே ரோட்டில் இன்னொரு கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி செக்கிங்கில் வேலை.

ஸ்டிக்கரைத் தொடர்ந்து எங்கள் சாதிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப் வந்தது. சோற்றில் கை வைத்திருக்கும்போதும் போன் அதிர்ந்துகொண்டே இருக்கும். யாரோ அனுப்பிய கல்வெட்டுப் படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டுவான். பல்லவர் காலத்தில் நம்மாட்கள் படைத்தலைவர்களாம், சோழர் காலத்தில் நாமேதான் அரசர்களாம்.

அம்மாவால் ஒருநாள் பொறுக்க முடியவில்லை. "ராஜா பரம்பரையா? உன்னப் பெக்கறதுக்கு மொத நாள் வரைக்கும் நான் கழனில களை எடுத்துகினு இருந்தேன்டா."

அவன் சிரிக்கவில்லை. "அதான்மா. நம்ம கிட்டருந்து புடுங்கிட்டாங்க."

"யாருடா புடுங்கினது?" என்று கேட்டேன். கை கழுவ எழுந்து போனான். அன்றிலிருந்து எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் அரிக்கத் தொடங்கியது.

அவனுடைய கூட்டாளியை நினைத்துத்தான் அந்தப் பயம். பக்கத்துத் தெருப் பையன், வேறு சாதி. ஒன்றாகப் படித்து, ஒரே லைனில் எதிரெதிரே நின்று வேலை செய்கிறவர்கள். எங்கள் வீட்டில் அவன் சாப்பிடாத பண்டிகை கிடையாது. அவனுக்கும் ஒரு குரூப் இருந்தது. அந்தக் குரூப்பும் அதே ராஜாவைத்தான் தங்கள் ஆள் என்றது. மெதுவாக அவன் வருகை நின்றது. ஏன் வரவில்லை என்று கேட்டால் தம்பி வேறு பேச்சுக்குத் தாவுவான்.

ராஜாவின் பிறந்தநாள் வந்தது. காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து கூட்டு ரோட்டில் இறங்கினேன். கூட்டம். நடுவில் தோளோடு தோள் உரசிக்கொண்டு ரெண்டு பேனர். ரெண்டிலும் ஒரே படம். அதே கிரீடம், அதே மீசை. ஒன்றில் ராஜா இடது பக்கம் பார்த்தார், மற்றதில் வலது பக்கம். அடியில் இருந்த சங்கத்தின் பெயர்தான் வேறு. தம்பி ஒரு பேனரின் கயிற்றைப் பிடித்திருந்தான், கூட்டாளி மற்றதன் கயிற்றை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வூட்டுக்கு வாடா."

"நீ போக்கா. இதுல வராத."

கூட்டாளி என்னைப் பார்த்துவிட்டான். ஒரு கணம் அவன் கை கயிற்றிலிருந்து தளர்ந்தது. பின்னாலிருந்து எவனோ தள்ள, ஒரு பேனர் சரிந்தது. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தம்பியின் உதடு கிழிந்திருந்தது, அது மட்டும் தெரியும். போலீஸ் ஜீப் வந்து கையில் சிக்கியவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர்களில் அந்த ரெண்டு பேரும் இருந்தார்கள்.

ஸ்டேஷன் வாசலில் என்னால் உட்கார முடியவில்லை. வேப்பமரம் வரை நடப்பதும் திரும்புவதுமாக இருந்தேன். கூட்டாளியின் அம்மா முன்பே வந்திருந்தார். என் அம்மாவும் அவரும் முதலில் ஒருவர் பிள்ளையை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். பிறகு ரெண்டு பேரும் களைத்துப்போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்த ராஜா எந்த ஊரு? நம்ம பக்கமா?"

"தஞ்சாவூர்மா."

"அவ்ளோ தூரமா?" என்றவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் எச்சரித்து விட்டுவிட்டார்கள். மறுநாள் கான்ட்ராக்டர் போன் செய்து ரெண்டு பேரையும் இனி வர வேண்டாம் என்றார்.

தம்பி வீட்டுக்குள்ளேயே கிடந்தான். நான் திட்டத் தொடங்கினால் திட்டு நீண்டுகொண்டே போகும். ஒருநாள் குறுக்கே பேசினான். "அக்கா, லைன்ல யாரும் என்னப் பேர் சொல்லிக் கூப்புட மாட்டாங்க. 'ஏய், கான்ட்ராக்ட்'னுவாங்க. குரூப்ல மட்டும்தான் 'வாங்க மன்னா'ன்னு சொல்றாங்க."

திட்டுவதை விட்டுவிட்டுக் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

சில வாரம் கழித்துக் கூட்டாளி எங்கள் வாசலில் பைக்கை நிறுத்தினான். உள்ளே வரவில்லை. "இங்க பக்கத்துல, வல்லத்துல ஒரு கம்பெனில ஆள் எடுக்கறாங்கக்கா. அவன வரச் சொல்லு."

உள்ளே போய்ச் சொன்னேன். தம்பி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வெளியே பைக் கிளம்பிய சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தெருமுனையில் தேய்வதற்குள் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு அவனும் கிளம்பிவிட்டான். சமாதானமாகப் போகிறானா, சண்டைக்குப் போகிறானா என்று தெரியாமல் மாலை வரை நானும் அம்மாவும் மாறி மாறித் தெருவைப் பார்த்தோம்.

திரும்பி வந்தபோது கழுத்தில் தற்காலிக அடையாள அட்டை தொங்கியது.

"அவனுக்கும் கெடச்சிதா?"

"கெடச்சிது. வேற ஷிப்ட்."

"ரெண்டு பேரும் இன்னாடா பேசிகினீங்க?"

"இன்னா பேசறது?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.