புரட்டாசி இடியும் மச்சான் போட்ட சங்கிலியும்

எங்கள் ஊர் மலைக்கு மாசத்துக்கு ஒரு குணம். அது எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் குன்றாண்டார்கோவில் பக்கம் குவாரியில் கூலிக்குக் கல் உடைத்து, பிறகு அதே குவாரியைக் குத்தகைக்கு எடுத்தவன். பாறையைப் பற்றி என்னிடம் பேசலாம். சித்திரையில் உச்சிவெயிலில் ஏறினால் உள்ளங்கால் தோல் பாறையிலேயே தங்கிவிடும். ஆடிக்காற்று வேட்டியைப் பிடித்துப் பள்ளத்துக்கு இழுக்கும். புரட்டாசியில் காலை நேரம் மலை பசு மாதிரி படுத்திருக்கும். மதியம் மேற்கே கறுத்தால் அன்றைக்கு அது கொலைகாரன்.

அந்தப் புரட்டாசியில்தான் ஊரே ஏறும். உச்சியில் பெருமாள், சனிக்கிழமை விரதம். பாதி வழியில் சாய்வாக ஒரு வழுக்குப் பாறை. மழை பட்டால் பாசியில் கால் நிற்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் என் மச்சான், என் மனைவிக்கு ஒரே அண்ணன், அரிசி மில் வைத்திருந்தவர், அங்கே இரும்புக் கம்பிகளை நட்டுச் சங்கிலி போட்டுக் கொடுத்தார். பாறையில் குழி அடித்தவன் நான். அந்தப் பக்கத்தில் வேறு எவனாலும் அடித்திருக்க முடியாது. முடித்த அன்றே சொன்னேன்:

"மச்சான், இடி இடிச்சா இதை யாரும் தொடக்கூடாது. மழையில கடப்பாரையத் தோள்ல வச்சுக்கிட்டு ஓடுனவன் கரிக்கட்டையாக் கெடந்ததை நான் குவாரியில பாத்திருக்கேன்."

"ஒனக்கு வயித்தெரிச்சல் மாப்ள. ஊரே என்னையக் கும்புடுதுல்ல."

அடுத்த புரட்டாசி, கடைசிச் சனிக்கிழமை, பூசை தாமதமானது. நானும் என் மனைவியும் மச்சானும் சனத்தோடு வழுக்குப் பாறைக்கு இறங்குவதற்குள் மழை கல் எறிகிற மாதிரி அடித்தது. சனங்கள் சங்கிலியில் வௌவாலாகத் தொங்கினார்கள். முதல் இடி உச்சிக்குப் பின்னால் விழுந்தது.

"கைய விடுங்க! உக்காந்து அங்கிட்டு நகருங்க!" என்று கத்தினேன். வலப்பக்கம் முள்ளும் பள்ளமுமாக ஒரு வெடிப்பு இருந்தது. அதில் ஒடுங்கினால் பிழைக்கலாம். ஒருவரும் விடவில்லை. ஊன்றி வந்த பூவரசங்கம்பால் அடித்தேன். ஆண், பெண் பார்க்கவில்லை. மணிக்கட்டு, முழங்கை, முதுகு, எது கிடைத்ததோ அது. ஒரு கிழவரை முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். தோல் உரியச் சறுக்கி வெடிப்புக்குள் போய் விழுந்தவர்கள் என் வம்சத்தையே திட்டினார்கள்.

மிச்சம் மச்சான்தான். இரண்டு கையாலும் சங்கிலியைக் கட்டிப் பிடித்திருந்தார்.

"விடுங்க மச்சான்!"

"என் காசுல போட்டது, நான் புடிப்பேன். நீ யார்றா சொல்ல, கல்லொடைக்கிற பயலே!" என்று நெஞ்சில் உதைத்தார்.

கம்பு பறந்தது. ஒரு கல்லை எடுத்து அவர் விரல்கள்மேல் ஓங்கிக் குத்தினேன். வெடிப்பிலிருந்து தவழ்ந்து வந்த என் மனைவி என் கெண்டைக்காலைக் கடித்தாள். "எங்கண்ணனக் கொல்றீங்களே, பாவி மனுசா!" காலில் அவள் பல், கையில் கல். இன்னும் இரண்டு குத்து. எலும்பு முறிவது என் கைக்கே தெரிந்தது. அவர் அலறிக்கொண்டு சறுக்கினார். அவளையும் இழுத்துக்கொண்டு நான் அவர்மேல் உருண்டேன்.

கண்ணுக்குள் ஒரே வெள்ளை. சங்கிலி நெடுக நெருப்பு ஓடியது. அவர் பிடித்திருந்த இடத்தில் பாசி கருகிப் புகைந்தது.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆனால் மச்சானுக்கு வலக்கையில் மூன்று விரல் மடங்காமல் போய்விட்டது. "மின்னல் என்னைய ஒண்ணும் பண்ணல, மாப்ளதான் பண்ணுனான்" என்று கடைவீதியெல்லாம் கையைக் காட்டினார். எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்தாமல் பிள்ளைக்குக் காது குத்தவிட மாட்டேன் என்று என் மனைவி அழுதாள்.

தை மாசம் காதுகுத்துக்கு வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை. பந்தியில் சாம்பார் ஊற்றியதும் அந்தக் கையைத் தூக்கினார்.

"இது சோறு பெசையாது. ஒடச்சவன் வந்து பெசஞ்சு குடுக்கட்டும்."

எத்தனையோ பேருக்குக் கூலி கொடுக்கிறவன் நான், அவர் இலைக்கு முன்னால் குத்தவைத்துப் பிசைந்து, உருட்டி, வாயில் கொடுத்தேன். மென்றார்.

"உப்புப் பத்தல மாப்ள" என்றார்.

உப்போடு ஓடி வந்தது என் மனைவிதான்.