உஷ் சார் அளந்த இரைச்சல்

கம்பெனியில் அவருக்கு 'உஷ் சார்' என்று பெயர். அவர் அளக்க உட்கார்ந்துவிட்டால் ஆய்வறையில் ஒருவரும் தும்மக்கூடாது. மின்விசிறி நிற்கும், ஏசி நிற்கும். தேநீர் கொண்டு வருபவர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி வருவார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் அளக்கும் ஆஸிலேட்டர் என்பது ஒரே சீராக மின்துடிப்பு தர வேண்டிய சாமான். துடிப்பு துளி முன்பின் ஆனாலும் அதற்கு ஃபேஸ் நாய்ஸ், அதாவது இரைச்சல் என்று பெயர். அதை அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரம் அனலைசரின் திரையில், நடுவே நிற்கும் ஊசியின் இரு பக்கமும் புல் முளைத்த மாதிரி தெரியும். உள்ளே இருக்கும் படிகமோ சரியான தொட்டாற்சிணுங்கி. மேசை லேசாக அதிர்ந்தாலும் பொறுக்காது.

அன்று மேசைமேல் இருந்தது, அதே கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மனைவி வடிவமைத்தது. வருடக்கணக்கான உழைப்பு. அளவு சரியாக வந்தால் உற்பத்திக்குப் போகும், இல்லையென்றால் குப்பைக்கு. கட்டியவள் ஆயிற்றே என்று சலுகை காட்டுகிற ஆளும் அவர் இல்லை.

அனலைசரின் சொந்த இரைச்சல் குறுக்கே வருகிறதா என்று பார்க்க, நல்லதென்று தெரிந்த பழைய ஆஸிலேட்டரை முதலில் மாட்டினார். திரை சுத்தமாக இருந்தது. அடுத்து மனைவியுடையதை மாட்டினார். ஊசியை ஒட்டி இரு பக்கமும் இரண்டு முட்கள் துருத்திக்கொண்டு நின்றன. கேபிளை மாற்றினார், இணைப்பை இறுக்கினார், பலமுறை அளந்து சராசரி எடுத்தார். ம்ஹூம், முட்கள் போகவில்லை. வேறு வழியில்லாமல் மனைவியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவள் வந்து திரையைப் பார்த்தாள். முகம் வாடியது. பிறகு தற்செயலாக மேசைக்கடியில் பார்த்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏங்க, முதல்ல அந்தக் காலை ஆட்டுறத நிறுத்துங்க!"

பதற்றம் வந்தால் உஷ் சாரின் முழங்கால் தன்பாட்டுக்குத் தடதடவென்று ஆடும். வீட்டில் கட்டிலே குலுங்கும். இங்கே அது மேசைக்காலில் இடித்துக்கொண்டிருந்தது. ஊரையே அடக்கியவருக்குத் தன் கால் கண்ணில் படவில்லை. எழுந்து தள்ளி நின்றார். முட்கள் இருந்த இடம் தெரியவில்லை.

அசடு வழிய மேலாளரை அழைத்து, அவர் கண் முன்னாலேயே, நின்றபடி முதலிலிருந்து அளந்து காட்டினார்.

"உற்பத்திக்கு அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு மேலாளர் போனார்.

"பழசை அளக்கும்போது கால் ஆடலயே? என்னோடதுக்கு மட்டும் என்னவாம்?" அவள் விடவில்லை.

"பழசு எப்படிப் போனா எனக்கென்ன?" உஷ் சார் கேபிளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "இது நீ பண்ணதாச்சே."